மரபணுப் பிழையெல்லாம் பரம்பரையா? புரோஸ்டேட் புற்றுநோய் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பாவுக்குப் புரோஸ்டேட்டில், அதாவது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், புற்றுநோய். அவருடைய பயாப்சி (திசுச் சோதனை) அறிக்கையில் 'ஈஆர்ஜி பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருந்தது. அவருடைய மகன் அதைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். சித்தப்பா அடுத்த அறையில் படுத்திருந்தார். தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணா, இது மரபணுக் கோளாறாம். அப்படியென்றால் எனக்கும் வருமா?" என்று கேட்டான். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் என்ற விஞ்ஞானியின் ஆய்வு இருப்பதும், என் தம்பியின் பயத்துக்கு அந்த வரி காரணமே அல்ல என்பதும் அப்போதுதான் புரிந்தன. இதே கேள்வியைப் பிறகு பலர் பலவிதமாகக் கேட்டார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அருள் சின்னையன் யார்? அவர் கண்டுபிடித்தது என்ன?

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் பேராசிரியர். மருத்துவர், ஆராய்ச்சியாளர் என இரண்டு பயிற்சியும் பெற்றவர். 2005 அக்டோபரில் அவரும், அவருடைய ஆய்வகத்தில் அப்போது மாணவராக இருந்த ஸ்காட் டாம்லின்ஸும், மற்ற கூட்டாளிகளும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க் கட்டிகளில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதுவும் எங்கோ ஓரிருவரிடம் அல்லாமல் பெரும்பாலானவர்களிடம் அப்படி இருக்கின்றன என்பதே அதன் சாரம். அவர்கள் சோதித்த 29 கட்டிகளில் 23 கட்டிகளில் இத்தகைய மாற்றம் இருந்தது. பிற்காலத்தில் நடந்த பெரிய ஆய்வுகளில் இந்த விகிதம் ஏறத்தாழ பாதி என்று நிலைபெற்றது. கிழக்கு ஆசிய ஆண்களிடம் இது குறைவாகவே காணப்படுகிறது.

மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது புதிய செய்தியா?

இரத்தப் புற்றுநோயில் அது பழைய செய்தி. 1960இல் பிலடெல்பியாவில் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளிடம் வழக்கத்தை விடச் சிறிய ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த குறை அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டுமரபணுவைக் குறிவைத்த இமாட்டினிப் மாத்திரை 2001இல் ஒப்புதல் பெற்று, அந்த நோயின் போக்கையே மாற்றியது.

ஆனால் மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட் போன்ற உறுப்புகளில் பொதுவாக வரும் கட்டிகளில் இப்படித் திரும்பத் திரும்ப ஒரே இணைவு வராது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். அந்தக் கட்டிகளின் குரோமோசோம்கள் கண்டபடி உடைந்து கிடக்கும். அந்தக் குப்பையில் ஒழுங்கு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். 2005ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நினைப்பை உடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 2007இல், ஜப்பானியக் குழு ஒன்று நுரையீரல் புற்றுநோயிலும் ஒரு மரபணு இணைவைக் கண்டுபிடித்தது.

அத்தனை பேர் பார்க்காததை இவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டு அளவை ஒரே நேரத்தில் அளக்கும் மைக்ரோஅரே தரவுகள் குவிந்துகொண்டிருந்தன. எல்லோரும் செய்தது, புற்றுநோய்த் திசுக்களின் சராசரியை எடுத்து, நல்ல திசுக்களின் சராசரியோடு ஒப்பிடுவது. அதில்தான் ஓட்டை இருக்கிறது. நூறு மாணவர்கள் இருக்கும் வகுப்பில் பத்துப் பேர் நூற்றுக்கு நூறும், தொண்ணூறு பேர் முப்பதும் வாங்கினால் வகுப்பின் சராசரி 37. அந்த எண்ணைப் பார்க்கிறவருக்கு, நூறு வாங்கிய பத்துப் பேர் அங்கே உட்கார்ந்திருப்பது தெரியவே தெரியாது.

சின்னையனின் குழு சராசரியைக் கைவிட்டது. ஒரு சில நோயாளிகளிடம் மட்டும் மற்றவர்களைத் தாண்டி எகிறி நிற்கும் மரபணு எது என்று தேடும் ஒரு கணக்குமுறையை உருவாக்கியது. ஏற்கெனவே பலர் வெளியிட்டு வைத்திருந்த தரவுகளையே அதில் போட்டு அலசினார்கள். புரோஸ்டேட் தரவுகளில் இரண்டு பெயர்கள் மேலே வந்தன: ஈஆர்ஜி, ஈடிவி1. இரண்டும் ஒரே குடும்பத்து மரபணுக்கள். ஈஆர்ஜி எகிறியிருந்த கட்டியில் ஈடிவி1 அமைதியாக இருந்தது. ஈடிவி1 எகிறியிருந்த கட்டியில் ஈஆர்ஜி அமைதியாக இருந்தது. ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை, இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதற்கு அடையாளம் அது. இன்னொரு துப்பும் கையில் இருந்தது. இளம் வயதினரைத் தாக்கும் யூவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயில் இதே குடும்பத்து மரபணுக்கள் வேறொன்றோடு ஒட்டிக்கொள்வது முன்பே தெரியும்.

அடுத்து ஈடிவி1இன் செய்தியை, அதாவது அந்த மரபணுவிலிருந்து செல் எடுக்கும் ஆர்என்ஏ நகலை, துண்டு துண்டாக அளந்தார்கள். அதன் பின்பகுதி ஏராளமாக இருந்தது, முன்பகுதி இல்லை. தலை போய்விட்டது, உடல் மட்டும் இருக்கிறது. அப்படியானால் அந்த உடலில் யாருடைய தலை ஒட்டியிருக்கிறது? அந்த முனையை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தபோது டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற மரபணுவின் தொடக்கம் அங்கே இருந்தது. ஈஆர்ஜியிலும் அதே தலைதான்.

இதற்கான தரவுகளில் பெரும்பகுதி எல்லோர் கண்ணெதிரிலும்தான் கிடந்தது. கேள்வியை மாற்றிக் கேட்டவருக்கு அது பதில் சொன்னது.

டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்பது கொரோனா காலத்தில் கேட்ட பெயர் அல்லவா?

அதே மரபணுதான். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய உதவும் ஒரு புரதத்தை அது உருவாக்குகிறது. இங்கே அந்தப் புரதத்துக்கு வேலை இல்லை. அந்த மரபணுவின் சுவிட்ச்தான் பிரச்சினை.

சுவிட்ச் என்றால்? இணைவு நடந்தபின் செல்லுக்குள் என்ன ஆகிறது?

ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால், அதை எப்போது இயக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு பகுதி உண்டு. டிஎம்பிஆர்எஸ்எஸ்2இன் சுவிட்சை ஆண்மை ஹார்மோன்கள் போடுகின்றன. புரோஸ்டேட்டில் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பஞ்சமில்லை என்பதால் அது எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு. ஈஆர்ஜி அப்படி அல்ல. அது மற்ற மரபணுக்களை ஏவும் மேலாள் மரபணு. புரோஸ்டேட்டின் சுரப்புச் செல்களில் வாய்மூடி இருக்க வேண்டியது. இரண்டும் 21ஆம் குரோமோசோமில், ஏறக்குறைய 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் இடைவெளியில் இருக்கின்றன. இடையில் உள்ளது அறுந்து விழுந்தாலோ, வேறுவகையில் இடம் மாறினாலோ, ஹார்மோன் சுவிட்ச் நேராக ஈஆர்ஜியின் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதன்பின் உடலில் ஹார்மோன் சுரக்கச் சுரக்க, பேசக் கூடாத மரபணு பேசிக்கொண்டே இருக்கும்.

புரோஸ்டேட் புற்றுநோய் ஆண்மை ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்பதை சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டினார். 1966இல் அதற்கு நோபல் பரிசும் பெற்றார். ஹார்மோன் எந்த வழியாக வேலை செய்கிறது என்ற கேள்விக்கு, 64 ஆண்டுகள் கழித்து இந்த இணைவு ஒரு விடையைக் கொடுத்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈஆர்ஜி மட்டும் தனியாகப் புற்றுநோயை உண்டாக்கிவிடுவதில்லை. எலிகளில் நடந்த சோதனைகளில், ஈஆர்ஜியோடு பிடென் என்ற காவல் மரபணுவும் பழுதானபோதுதான் முழுமையான புற்றுநோய் உருவானது.

இந்த உடைப்பு ஏன் நேர்கிறது? உணவாலா, பழக்கத்தாலா?

ஒரு குறிப்பிட்ட உணவையோ பழக்கத்தையோ கைகாட்ட ஆதாரம் இல்லை. தன் மேல் பழி போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2009இல் சின்னையனின் குழு காட்டியது இது: ஹார்மோன் தன் ஏற்பியோடு (செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தோடு) சேர்ந்து டிஎன்ஏவில் போய் உட்காரும்போது, தொலைவில் இருக்கும் இந்த இரு மரபணுக்களும் செல்லின் உட்கருவில் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் இரண்டிலும் வெட்டு விழுந்தால், பழுதுபார்க்கும் அமைப்பு முனை மாற்றி ஒட்டிவிடுகிறது. முறுக்கு விழுந்த டிஎன்ஏவைத் தளர்த்துவதற்காக இயல்பாகவே வெட்டி ஒட்டும் நொதி ஒன்று நம் செல்களில் இருக்கிறது. அந்த வெட்டே சில நேரம் இந்த விபத்துக்கு வழிவிடுகிறது என்று 2010இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதை நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா?

முடியும். ஒளிரும் சாயம் ஏற்றிய இரண்டு டிஎன்ஏ துண்டுகளை எடுத்துக்கொள்வார்கள். ஒன்று ஈஆர்ஜியின் முன்பக்கம் ஒட்டும், மற்றொன்று பின்பக்கம் ஒட்டும். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இருட்டில் நீலமாகத் தெரியும் உட்கருவுக்குள், மரபணு உடையாமல் இருந்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மஞ்சள் புள்ளியாகத் தெரியும். உடைந்திருந்தால் இரண்டும் விலகி நிற்கும், அல்லது ஒரு நிறம் காணாமலே போயிருக்கும்.

மருத்துவமனை ஆய்வகங்களில் அதைவிட எளிய முறை ஒன்று உண்டு: ஈஆர்ஜி புரதத்தைப் பிடிக்கும் சாயம். இணைவு உள்ள புற்றுச் செல்களின் உட்கருக்கள் பழுப்பாக மாறும். பக்கத்தில் இருக்கும் இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களும் எப்போதும் பழுப்பாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே ஈஆர்ஜி இயல்பாகவே வேலை செய்கிறது. குழாய்களில் பழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் சாயம் சரியாகப் பிடித்ததா என்று நோய்க்குறியியல் மருத்துவர் உறுதி செய்துகொள்வார். சித்தப்பாவின் அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தது இந்தச் சோதனையைத்தான்.

அப்பாவின் கட்டியில் ஈஆர்ஜி பாசிட்டிவ். மகனுக்கு வருமா?

அந்த வரியால் வராது. அது மகனுக்குப் போகவே போகாது.

நம் மொழியில் 'மரபணு' என்ற சொல்லுக்குள்ளேயே 'மரபு' இருக்கிறது. அதனால் மருத்துவர் 'மரபணு மாற்றம்' என்று சொன்னதும், கேட்பவர் காதில் 'வழிவழியாக வருவது' என்று விழுகிறது. அழகான சொல்தான், ஆனால் இந்த இடத்தில் குடும்பங்களை வீணாகக் கலங்கவைக்கிறது. மரபணுவில் நேரும் பிழை இரண்டு வகை. முதல் வகை, பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வந்து, தலைமுடி முதல் கால்நகம் வரை எல்லாச் செல்களிலும் இருப்பது. அதுதான் பிள்ளைகளுக்குப் போகக்கூடியது. இரண்டாம் வகை, நடுத்தர வயதிலோ முதுமையிலோ, ஓர் உறுப்பின் ஒரே ஒரு செல்லில் நேர்ந்து, அந்தச் செல்லின் வாரிசுகளான கட்டிச் செல்களில் மட்டும் இருப்பது. ஈஆர்ஜி இணைவு இந்த இரண்டாம் வகை. அந்த மனிதரின் இரத்தச் செல்களில் தேடினால் அது இருக்காது, விந்தணுவிலும் இருக்காது. நோயாளி இறந்தால் அந்த இணைவும் அவரோடு போய்விடும்.

இதைச் சொன்னபோது என் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியென்றால் பரம்பரை என்பதே இதில் கிடையாதா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

கிடையாதா?

உண்டு. நன்றாகவே உண்டு. ஆனால் அதற்குப் பார்க்க வேண்டிய மரபணுக்கள் வேறு.

டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளின் இரட்டையர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, புரோஸ்டேட் புற்றுநோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில் 57 சதவீதம் பிறவியிலேயே பெற்ற மரபணுக்களால் விளக்கக்கூடியது என்று மதிப்பிட்டது. மற்ற பல புற்றுநோய்களை விட இது அதிகம். உங்களுக்கு வர 57 சதவீத வாய்ப்பு என்று இதைப் படித்துவிடாதீர்கள்; மக்கள்தொகைக்கான கணக்கு இது. தனி மனிதருக்குச் சொல்வதானால், அப்பாவுக்கோ உடன்பிறந்த அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு அல்லது அதற்குச் சற்று மேல். பலருக்கு இருந்தால் இன்னும் கூடும்.

இந்தப் பரம்பரைச் சுமை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பெரும்பகுதி, தனித்தனியாகப் பார்த்தால் பொருட்படுத்த வேண்டாத சின்னஞ்சிறு வேறுபாடுகள். 2023 நிலவரப்படி அத்தகைய 451 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தராசில் ஓர் அரிசியைப் போடுகிறது; சேர்ந்தால்தான் தட்டு சாயும்.

அரிதாகச் சில மரபணுக்கள் தனியாகவே தட்டைச் சாய்க்கும். ஹாக்ஸ்பி13 அவற்றில் ஒன்று. மிச்சிகனின் கேத்லீன் கூனி, ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வில்லியம் ஐசக்ஸ் ஆகியோரின் குழுக்கள் 2012இல் இதை வெளியிட்டன. நோய் மிகுந்த 94 குடும்பங்களை எடுத்து, 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் இருந்த 200க்கும் மேற்பட்ட மரபணுக்களைப் படித்தார்கள். நான்கு குடும்பங்களில் ஒரே எழுத்துப்பிழை அகப்பட்டது. அந்த நான்கு குடும்பங்களிலும் நோய் கண்டு, டிஎன்ஏ கிடைத்த 18 ஆண்களிடமும் அது இருந்தது. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் இந்தப் பிழை அதிகம்.

பிஆர்சிஏ2 இன்னும் முக்கியம். நோயை வரவழைப்பதோடு, வந்தால் மூர்க்கமாகவும் ஆக்குகிறது.

பிஆர்சிஏ2 மார்பகப் புற்றுநோய் மரபணு அல்லவா? ஆண்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அது 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. உடைந்த டிஎன்ஏவைச் சரியாகப் பழுதுபார்ப்பது அதன் வேலை. வேலை கெட்டால் மார்பகம், சினைப்பை, கணையம், புரோஸ்டேட் எல்லாமே ஆபத்தில். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்பு.

ஆகவே குடும்ப வரலாறு கேட்கும்போது அப்பா, பெரியப்பா, சித்தப்பாவோடு நிறுத்திவிடக் கூடாது. அம்மா, பெரியம்மா, சித்தி, அம்மாச்சி இவர்களில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று கேட்க வேண்டும். அத்தைகளையும் விட்டுவிடக் கூடாது. பெண்கள் தங்கள் நோயை வெளியே சொல்லாமலே இறந்துபோன குடும்பங்கள் எத்தனையோ. "வயிற்றில் கட்டி" என்று மட்டும் சொல்லி முடித்த ஒரு மரணம், பேரனுக்கு முக்கியமான செய்தியாக இருக்கக்கூடும். மறுபக்கமும் உண்டு: புரோஸ்டேட் நோயுள்ள அப்பாவிடம் பிஆர்சிஏ2 பிழை இருந்தால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் மகளும் ஒருத்தி.

எவ்வளவு பேரிடம் இந்தப் பிறவிப் பிழை இருக்கிறது?

நோய் எலும்பு முதலிய இடங்களுக்குப் பரவிய 692 ஆண்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், 11.8 சதவீதம் பேரிடம் டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவிப் பிழை இருந்தது. பிஆர்சிஏ2 மட்டுமே 5.3 சதவீதம். நோய் சுரப்பியைத் தாண்டாத ஆண்களிடம் இந்த விகிதம் 4.6 சதவீதம்தான்.

யார் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்?

நோய் பரவியவர்கள், பரவாவிட்டாலும் தீவிர வகை என்று அறிக்கை வந்தவர்கள், நெருங்கிய உறவில் மார்பக, சினைப்பை, கணையப் புற்றுநோய்கள் உள்ளவர்கள். இரத்தமோ உமிழ்நீரோ போதும். முடிந்தவரை நோய் வந்தவரையே முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் என்ன பிழை என்று தெரிந்தால், மற்றவர்களிடம் அந்த ஒன்றைத் தேடினால் போதும். பிஆர்சிஏ2 பிழை உள்ள ஆண்கள் பிஎஸ்ஏ பரிசோதனையை (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவை இரத்தத்தில் பார்ப்பது) 40 வயதிலேயே தொடங்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

அறிக்கையில் 'பிஆர்சிஏ2 மாற்றம்' என்று இருக்கிறது. அது எந்த வகை என்று எப்படி அறிவது?

மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற வரியைத் தேடுங்கள். இரத்தம் அல்லது உமிழ்நீர் கொண்டு பரம்பரைச் சோதனை என்று செய்திருந்தால், அது பிறவிப் பிழை. கட்டித் திசு என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஏனென்றால் பிறவிப் பிழை கட்டிக்குள்ளும் இருக்கும். கட்டியில் பிஆர்சிஏ2 மாற்றம் தெரிந்தால், இரத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்தச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஈஆர்ஜிக்கு இந்த இரண்டாம் சோதனை தேவையே இல்லை.

ஈஆர்ஜி இணைவு இருந்தால் நோய் கடுமையானதா?

ஆரம்பத்தில் அப்படி ஓர் அச்சம் இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இணைவு உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று உறுதிப்படவில்லை. கட்டியின் கிளீசன் அளவு (நுண்ணோக்கியில் பார்த்துக் கட்டியின் தீவிரத்துக்குத் தரும் மதிப்பெண்), பிஎஸ்ஏ, பரவல் இவைதான் இன்றும் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன.

சிகிச்சைக்கு என்ன பலன்?

ஈஆர்ஜியை நேரடியாக அடக்கும் மருந்து இன்னும் சந்தைக்கு வரவில்லை. இமாட்டினிப் குறிவைக்கும் புரதத்தில் மருந்து போய் அமர ஒரு குழி இருந்தது. ஈஆர்ஜி போன்ற மேலாள் புரதங்களில் அப்படிக் குழி கிடைப்பது கடினம். சின்னையனின் ஆய்வகம் 2022இல் வேறு வழியை முன்வைத்தது: ஈஆர்ஜியும் ஹார்மோன் ஏற்பியும் டிஎன்ஏவை அணுக, சுருண்டிருக்கும் டிஎன்ஏவைத் திறந்துகொடுக்கும் புரதங்களை அழித்துவிடுவது. எலிகளில் கட்டிகள் சுருங்கின.

டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்களின் பக்கம் பலன் கைக்கே வந்துவிட்டது. சின்னையன் முன்னின்று நடத்திய கூட்டு ஆய்வு ஒன்று, ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் பரவிய நோயுள்ள 150 பேரின் கட்டிகளை 2015இல் படித்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் டிஎன்ஏ பழுதுபார்க்கும் பாதையில் சேதம் இருந்தது. அத்தகைய செல்கள் ஏற்கெனவே ஒரு காலில் நிற்பவை; பார்ப் என்ற, டிஎன்ஏவைப் பழுதுபார்க்க உதவும் இன்னொரு நொதியைத் தடுக்கும் மருந்துகள் அந்த மற்றொரு காலையும் தட்டிவிடுகின்றன. ஒலாபரிப், ருகாபரிப் ஆகிய இரண்டுக்கும் அமெரிக்காவில் 2020 மே மாதம் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஒப்புதல் கிடைத்தது. மரபணுச் சோதனையில் தகுந்த பிழை தெரிந்தவர்களுக்கே அந்த ஒப்புதல்.

பிஎஸ்ஏ சோதனைக்கு இந்த இணைவு மாற்றாகுமா?

மாற்றாக அல்ல, துணையாக. பிஎஸ்ஏ வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும்கூட ஏறும். ஈஆர்ஜி இணைவு புற்றுச் செல்களிலும் அவற்றை ஒட்டிய முன்நிலைச் செல்களிலும்தான் இருக்கும். அதன் தடயத்தைச் சிறுநீரில் தேடும் சோதனையை மிச்சிகன் குழு உருவாக்கியது. பிஎஸ்ஏ ஏறியவர்களில் யாருக்கு உண்மையிலேயே பயாப்சி தேவை என்று பிரித்தறிவதே அதன் நோக்கம். 2024இல் அது 18 மரபணுக்களைப் பார்க்கும் சோதனையாக விரிந்தது.

அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி என்ன சோதிக்க முடியும்?

பயாப்சித் திசுவை மெழுகுக் கட்டியில் புதைத்துத்தான் ஆய்வகங்கள் பாதுகாக்கின்றன. விரல் நுனி அளவுள்ள அந்தக் கட்டி பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அதிலிருந்து டிஎன்ஏவை எடுக்க முடியும், காலம் ஆக ஆகத் தரம் குறைந்தாலும். அதைக் கேட்டுப் பெறக் குடும்பத்தினரால் முடியும். பயாப்சி எண் எழுதிய அறிக்கை கையில் இருந்தால் தேடுவது எளிது. அது கிடைக்காவிட்டால், அப்பாவின் உடன்பிறந்தவர்களில் புற்றுநோய் வந்து பிழைத்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். அவரைச் சோதித்துத் தெரியும் பிறவிப் பிழை, அப்பாவிடமும் இருந்திருக்க வாய்ப்புள்ள ஒன்று. என் சித்தப்பா இருக்கும்போதே தம்பி அவரிடம் கேட்டுவிட்டான். அவர் சிரித்துக்கொண்டே உமிழ்நீர்க் குப்பியை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையில் பிறவிப் பிழை எதுவும் இல்லை. அந்தத் தாளைப் பயாப்சி அறிக்கையோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்கிறான் தம்பி.